ஜெயிலிலிருந்து வெளியே வந்தாச்சு... முதல் ராத்திரி எங்கே தூங்குவது? நியூயார்க்கின் ‘கோட்டை’ வீடு காட்டும் வழி

தண்டனை முடிந்து சிறைக் கதவு திறக்கும் நாளைத்தான் கைதிகள் வருஷக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நாள் வந்ததும் பலர் முன்னால் நிற்கும் முதல் கேள்வி ரொம்பச் சாதாரணமானது. இன்னைக்கு ராத்திரி எங்கே படுக்கிறது?

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் மாநில, மத்திய சிறைகளிலிருந்து விடுதலை ஆகிறார்கள். அவர்களில் போக இடமில்லாதவர்களுக்காக நியூயார்க் நகரில் ஒரு பழைய கட்டடம் 2002ஆம் ஆண்டு முதல் திறந்திருக்கிறது. பார்ப்பதற்குக் கோட்டை மாதிரி இருப்பதால் அதன் பெயரே ‘தி காசில்’, அதாவது கோட்டை.

இந்த ஆதரவுக் குடியிருப்பு எப்படி வேலை செய்கிறது? யார் பணம் கொடுக்கிறார்கள்? உண்மையிலேயே பலன் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

விடுதலை நாளில் என்ன நடக்கிறது?

நியூயார்க் மாநிலத்தின் பெரிய சிறைகள் பலவும் நகரத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன. ஒன்று கனடா எல்லைக்குப் பக்கத்தில், இன்னொன்று மாநிலத்தின் மேற்கு மூலையில் என்று சிதறிக் கிடக்கின்றன. விடுதலை ஆகிறவருக்கு ஊர் போய்ச் சேர பஸ் டிக்கெட் கிடைக்கும். கையில் பணமே இல்லாதவருக்கு அரசு தரும் தொகை 40 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 3,500 ரூபாய். நியூயார்க் மாதிரி ஒரு ஊரில் அது இரண்டு நாள் சாப்பாட்டுக்கே பத்தாது.

கலிஃபோர்னியாவில் இந்த ‘வாசல் பணம்’ 200 டாலர். அந்தத் தொகை 1970களில் நிர்ணயித்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, தொகை அங்கேயே நிற்கிறது.

சிலருக்கு அம்மா வீடோ, அக்கா வீடோ இருக்கும். பத்து, பதினைந்து வருஷம் உள்ளே இருந்தவர்களுக்கு அதுவும் இருக்காது. பெற்றோர் இறந்திருப்பார்கள், திருமண உறவு முறிந்திருக்கும், பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை நின்றிருக்கும். இப்படிப்பட்டவர்கள் நேராகப் போய்ச் சேரும் இடம் நகராட்சியின் ஷெல்டர், அதாவது வீடற்றோர் காப்பகம். வீடில்லாமல் வருகிற எவருக்கும் படுக்கை தர வேண்டிய சட்டப்பூர்வக் கடமை நியூயார்க் நகரத்துக்கு உண்டு. 1979இல் தொடுத்த ஒரு வழக்கில் 1981இல் ஏற்பட்ட உடன்பாடு அது.

ஷெல்டரில் படுக்கை கிடைக்கும், ஆனால் அதுக்கு மேல் அங்கே பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. ஒரே கூடத்தில் பல பேர். பொருள் திருட்டு போகும், சண்டை வரும், போதைப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எந்தச் சூழலிலிருந்து விலக நினைக்கிறாரோ, அதே சூழலுக்குள் முதல் நாளே போய் விழுகிறார்.

வாடகைக்கு வீடு ஏன் கிடைப்பதில்லை?

‘பேச்சிலர்களுக்கு வீடு இல்லை’ என்ற போர்டு நமக்குப் பழக்கமானதுதான். அமெரிக்காவில் முன்னாள் கைதிகளுக்கு அப்படி ஒரு போர்டு கண்ணுக்குத் தெரியாமல் எல்லா வாசலிலும் தொங்குகிறது. காரணங்கள் இவை:

முதலாவது, குற்றப் பின்னணி சோதனை. வாடகைக்கு விண்ணப்பித்தால் வீட்டு உரிமையாளர் ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சிறு தொகை கட்டி, விண்ணப்பதாரரின் பழைய வழக்குகளைப் பார்த்துவிடலாம். இருபது வருஷத்துக்கு முந்தைய வழக்குகூட வந்து நிற்கும்.

இரண்டாவது, வருமானக் கணக்கு. நியூயார்க்கில் மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் காட்டச் சொல்வது வழக்கம். வாடகை 2,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பாதிக்க வேண்டும். நேற்று வெளியே வந்தவரிடம் சம்பளச் சீட்டும் இருக்காது, கடன் வரலாற்று மதிப்பெண்ணும் இருக்காது.

மூன்றாவது, அரசு வீடுகளின் விதிகள். மத்திய அரசின் சட்டப்படி இரண்டே வகையினருக்குத்தான் பொதுக் குடியிருப்பில் நிரந்தரத் தடை. ஒன்று, பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் வாழ்நாள் முழுக்க இருப்பவர்கள். இன்னொன்று, அரசு உதவி பெறும் குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே மெத்தம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளைத் தயாரித்துத் தண்டனை பெற்றவர்கள். மற்றவர்களைச் சேர்ப்பதும் மறுப்பதும் அந்தந்த ஊர் வீட்டுவசதி அமைப்பின் கையில். 1990களில் கிளின்டன் ஆட்சியில் வந்த ‘ஒரே தவறு, வெளியே போ’ கொள்கைக்குப் பிறகு பல ஊர்களில் இந்த விதிகள் இறுகிப்போயின. அரசு வீட்டில் குடியிருக்கும் அம்மா, ஜெயிலிலிருந்து வந்த மகனைத் தங்க வைத்தால் அந்த வீடே போய்விடுமோ என்று பயப்படும் நிலை வந்தது. இதைக் கொஞ்சம் தளர்த்தத்தான் நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் 2013இல், விடுதலையானவர் குடும்பத்தோடு சேர்ந்து வாழ வழி செய்யும் ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது.

நான்காவது, அதிகம் பேசப்படாத 90 நாள் விதி. வீடற்றோருக்கான மத்திய அரசின் உதவித் திட்டங்களில் சேர, ஒருவர் ‘வீடற்றவர்’ என்ற வரையறைக்குள் வர வேண்டும். தெருவில் இருந்தவர் 90 நாளுக்குள் சிறையிலிருந்து திரும்பினால் அந்தத் தகுதி தொடரும். அதுக்கு மேல் உள்ளே இருந்தால் தகுதி போய்விடும். ஐந்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு வருகிறவர், காகிதத்தில் ‘வீடற்றவர்’ ஆவதற்கே மறுபடி தெருவிலோ ஷெல்டரிலோ போய்ப் படுக்க வேண்டும்.

வீடு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

முன்னாள் கைதிகள் வீடற்றவர்களாகும் வாய்ப்பு மற்ற மக்களைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு அதிகம் என்று ‘பிரிசன் பாலிசி இனிஷியேட்டிவ்’ என்ற ஆய்வு அமைப்பு 2018இல் கணக்கிட்டது. ஒவ்வொரு 10,000 முன்னாள் கைதிகளிலும் 203 பேருக்கு வீடில்லை. ஒரு தடவை சிறை சென்றவர்களைவிடப் பல தடவை சென்றவர்களின் நிலை இன்னும் மோசம்.

வெளியே வந்த முதல் நாட்கள்தான் அதிக ஆபத்தானவை. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் அதிகம் என்று சொன்னது. முக்கியக் காரணம் போதைப்பொருள். உள்ளே இருந்த காலத்தில் உடம்பு அதன் பழக்கத்தை இழந்திருக்கும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உயிரே போகும்.

மறுபடி சிறைக்குப் போகும் சுழற்சியும் இங்கேதான் ஆரம்பம். 30 மாநிலங்களில் 2005இல் விடுதலையானவர்களை அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு தொடர்ந்து கவனித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் கைதானார்கள். ஐந்து ஆண்டுகளில் அது சுமார் 77 சதவீதமாக ஏறியது. முதல் ஆண்டில்தான் கைதுகள் அதிகம்.

இங்கே ‘பரோல்’ என்ற சொல்லையும் தெளிவுபடுத்த வேண்டும். நம்ம ஊரில் பரோல் என்றால் கைதி சில நாள் லீவில் வீட்டுக்குப் போய்வருவது. அமெரிக்காவில் அது தண்டனையின் கடைசிப் பகுதியை வெளியே, கண்காணிப்பின் கீழ் கழிப்பது. அதிகாரியிடம் முகவரி கொடுக்கணும், சொன்ன நேரத்துக்கு ஆஜராகணும், ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்குள் அந்த முகவரியில் இருக்கணும். ஷெல்டர் ஷெல்டராக மாறுகிறவருக்கு இந்த விதிகளைக் காப்பாற்றுவதே பெரிய தலைவலி. புதுசாக எந்தக் குற்றமும் செய்யாமல், விதியை மீறினார் என்பதற்காகவே உள்ளே போனவர்கள் ஏராளம். இந்தப் போக்கைக் குறைக்க நியூயார்க் மாநிலம் 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

ஆதரவுக் குடியிருப்பு என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், வீடும் அதோடு சேர்ந்து கைத்தாங்கலும். இதில் மூன்று வகைகள் உண்டு. ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

‘ஹாஃப்வே ஹவுஸ்’ என்பது பாதி ஜெயில், பாதி வீடு. தண்டனையின் கடைசி மாதங்களைக் கழிக்க அரசே அனுப்பி வைக்கும் இடம். உள்ளே வெளியே போகக் கணக்கு உண்டு.

இடைக்காலத் தங்குமிடம் என்பது சில மாதங்களிலிருந்து ஒன்றிரண்டு ஆண்டுவரை இருந்து, காலூன்றிக்கொண்டு கிளம்புவதற்கானது. ‘கோட்டை’ முக்கியமாக இந்த வகை.

நிரந்தர ஆதரவுக் குடியிருப்பில் நிலைமை வேறு. குடியிருப்பவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம் இருக்கும். வருமானத்தில் பொதுவாக 30 சதவீதம் வாடகை. மாதம் 1,000 டாலர் வந்தால் 300 டாலர் கட்டணும், மீதி மானியம். அதே கட்டடத்திலோ பக்கத்திலோ ஒரு வழக்குப் பணியாளர் இருப்பார். அடையாள அட்டை வாங்குவது, மருத்துவரிடம் அழைத்துப் போவது, வேலைக்கு விண்ணப்பிப்பது, குடும்பத்தோடு சமாதானம் பேசுவது என எல்லாவற்றிலும் கூட நிற்பார்.

இதற்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. ‘முதலில் திருந்து, வேலை தேடு, குடியை நிறுத்து, அப்புறம் வீடு’ என்பது பழைய முறை. சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992இல் நியூயார்க்கில் அதைத் தலைகீழாக்கினார். முதலில் கதவும் பூட்டும் உள்ள ஒரு ரூமைக் கொடுப்போம், மற்றதை அங்கே உட்கார்ந்து பேசுவோம் என்றார். ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’ என்று உலகம் முழுக்கப் பரவிய முறை இதுதான்.

ஒரு நாடகத்திலிருந்து பிறந்த அமைப்பு

‘கோட்டை’யை நடத்துவது ‘ஃபார்ச்சூன் சொசைட்டி’ என்ற தொண்டு நிறுவனம். அது பிறந்த கதையே சுவாரஸ்யமானது.

டேவிட் ரோத்தன்பெர்க் நியூயார்க் நாடக உலகில் விளம்பரப் பணியில் இருந்தவர். 1967இல் சிறை வாழ்க்கையைப் பற்றிய ‘ஃபார்ச்சூன் அண்ட் மென்ஸ் ஐஸ்’ என்ற நாடகத்தைத் தயாரித்தார். எழுதியவர் கனடாவைச் சேர்ந்த ஜான் ஹெர்பர்ட். நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களோடு கலந்துரையாடல் வைத்தார்கள். அதில் முன்னாள் கைதிகள் எழுந்து தங்கள் அனுபவத்தைப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து ஒரு அமைப்பானது, நாடகத்தின் பெயரிலிருந்தே அதற்கும் பெயர் வந்தது.

1971இல் அட்டிகா சிறையில் கைதிகள் கலகம் செய்தபோது, பேச்சுவார்த்தையைப் பார்வையிட கைதிகள் கேட்ட குழுவில் ரோத்தன்பெர்க்கும் ஒருவர்.

வேலைப் பயிற்சி, படிப்பு, ஆலோசனை என்று ஃபார்ச்சூன் பல ஆண்டுகள் உதவி செய்துவந்தது. பகலில் வகுப்புக்கு வருகிறவர் ராத்திரி ஷெல்டருக்கோ சுரங்க ரயிலுக்கோதான் திரும்பிப் போகிறார் என்றால் அந்த உதவி எவ்வளவு நாள் நிற்கும்? வீட்டையும் தாங்களே தருவது என்று நிறுவனம் முடிவெடுத்தது. 1990களின் இறுதியில் ஹார்லெம் பகுதியின் மேற்குக் கரையில், ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி நின்ற ஒரு பாழடைந்த கட்டடத்தை வாங்கியது. ஒரு காலத்தில் அது கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி. பிறகு கைவிடப்பட்டு, போதைப்பொருள் கும்பல்களின் புகலிடமாகிக் கிடந்தது. பழுது பார்த்து, 2002இல் சுமார் 60 படுக்கைகளோடு திறந்தார்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

சிறையிலிருந்து வந்தவர் முதலில் அவசரப் படுக்கைப் பிரிவில் சேர்கிறார். முதல் வாரங்கள் முழுக்கக் காகித வேலைதான். பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு எண், புகைப்பட அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு. இதில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்காது. வங்கிக் கணக்குத் தொடங்க அடையாள அட்டை வேணும், வேலைக்குச் சேர எண் வேணும், எல்லாத்துக்கும் கடிதம் வந்து சேர ஒரு முகவரி வேணும். அந்த முகவரியைத்தான் வீடு முதலில் தருகிறது.

காலூன்றத் தொடங்கியதும் அதிகத் தனிமையுள்ள ரூமுக்கு மாறலாம். வன்முறையும் மிரட்டலும் அறவே கூடாது. வழக்குப் பணியாளரைத் தவறாமல் பார்க்கணும். வேலையோ, படிப்போ, சிகிச்சையோ ஏதாவது ஒன்றில் ஈடுபட்டிருக்கணும்.

வியாழக்கிழமை இரவுக் கூட்டம் இந்த வீட்டின் முக்கிய வழக்கம். குடியிருப்பவர்களும் பணியாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்கு என்ன பிரச்னை என்று எல்லாம் அங்கே வரும். பல வருஷம் யாரோ சொல்லி எழுந்து, யாரோ சொல்லிச் சாப்பிட்டு, யாரோ சொல்லி விளக்கணைத்தவர்களுக்குத் தானாக ஒரு முடிவெடுப்பதே மறந்திருக்கும். கதவைத் தானே திறக்கலாம் என்பதுகூடப் பழகணும்.

பணியாளர்களில் கணிசமானோர் தாங்களே சிறையில் இருந்தவர்கள். ஸ்டான்லி ரிச்சர்ட்ஸ் அதற்கு நல்ல உதாரணம். கொள்ளை வழக்கில் தண்டனை அனுபவித்த அவர், 1991இல் ஃபார்ச்சூனில் ஆலோசகராகச் சேர்ந்தார். பின்னாளில் நியூயார்க் நகரச் சிறைத்துறையில் உயர் பதவி வகித்தார், ஃபார்ச்சூனின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். ‘என்னால் முடியுமா?’ என்று கேட்கிறவருக்கு அப்படிப்பட்டவர் எதிரில் உட்கார்ந்திருப்பதே பாதி பதில்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

‘நல்ல திட்டம்தான், ஆனா எங்க தெருவுல வேண்டாம்.’ உலகம் முழுக்க இந்தக் குரல் ஒன்றுதான். ‘கோட்டை’க்கும் ஆரம்பத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. குழந்தைகள் நடமாடும் தெரு, ஏற்கெனவே கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கும் பகுதி, எல்லாச் சுமையையும் ஏன் எங்க தலையில கட்டுறீங்க என்று மக்கள் கேட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஷெல்டர்களும் சிகிச்சை மையங்களும் ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் குவிந்திருந்தன.

ஃபார்ச்சூன் செய்த முக்கியமான காரியம், மக்களோடு தொடர்ந்து உட்கார்ந்து பேசியதுதான். பக்கத்து இடத்தில் அடுத்த கட்டடம் எழுப்பியபோது இன்னும் ஒரு படி மேலே போனது. ‘காசில் கார்டன்ஸ்’ என்ற அந்த 11 மாடிக் குடியிருப்பு 2010இல் திறக்கப்பட்டது. மொத்தம் 114 வீடுகள். கிட்டத்தட்டப் பாதி முன்னாள் கைதிகளுக்கு, மீதி குறைந்த வருமானமுள்ள மற்றவர்களுக்கும் குடும்பங்களுக்கும். கட்டடம் வந்ததால் அந்தப் பகுதி மக்களுக்கும் வீடு கிடைத்தது. ஒரே லிஃப்டில் இரண்டு தரப்பும் ஏறி இறங்குகிறார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. பிராங்ஸ் பகுதியில் ஒரு அரசு மருத்துவமனை வளாகத்தில், ரைக்கர்ஸ் தீவுச் சிறையிலிருந்து வரும் கடும் நோயாளிகளுக்கு வீடு கட்டும் ‘ஜஸ்ட் ஹோம்’ திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. நடத்தப்போவதும் ஃபார்ச்சூன்தான். உள்ளூர் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, 2025இல்தான் நகர மன்றத்தின் ஒப்புதல் கிடைத்தது.

பலன் இருக்கிறதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

இதுக்குத் தெளிவான பதில் டென்வர் நகரத்திலிருந்து வருகிறது. அத்துமீறி நுழைந்தது, பொது இடத்தில் குடித்தது மாதிரியான சின்ன வழக்குகளில் திரும்பத் திரும்பக் கைதாகி, இடையில் தெருவில் படுத்தவர்களுக்கு 2016இல் அந்த நகரம் ஆதரவுக் குடியிருப்பு கொடுத்தது. எல்லோருக்கும் வீடு பத்தாததால் குலுக்கல் முறையில் தேர்வு செய்தார்கள். அதனால் வீடு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மொத்தம் 724 பேர். ‘அர்பன் இன்ஸ்டிடியூட்’ 2021இல் வெளியிட்ட முடிவுகள் இவை:

- போலீஸோடு ஏற்படும் தொடர்புகள் 34 சதவீதம் குறைந்தன.
- கைதுகள் 40 சதவீதம் குறைந்தன.
- சிறையில் கழித்த நாட்கள் 27 சதவீதம் குறைந்தன.
- வீடு கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் ஓராண்டுக்குப் பிறகும் அதே வீட்டில் இருந்தார்கள்.

ஓஹையோ மாநிலத்தில், மனநலப் பாதிப்பு போன்ற குறைபாடுகளோடு சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வீடு கொடுத்த திட்டத்திலும் இதே போக்குதான். வீடு பெற்றவர்கள் மறுபடி கைதாகும் வாய்ப்பு 40 சதவீதமும், சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு 61 சதவீதமும் குறைவாக இருந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீடு கொடுத்தால் அரசுக்கு லாபம், முழுச் செலவும் திரும்பி வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். டென்வரில் மிச்சமானது வீட்டுச் செலவில் சுமார் பாதிதான். ஓஹையோவில் வீடு பெற்றவர்கள் சிகிச்சைச் சேவைகளைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். அதாவது, இது இலவசமாக நடக்கும் மேஜிக் இல்லை. பணம் செலவாகும், ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு மனிதர் வீட்டில் இருப்பார்.

செலவு யாருடையது?

காசில் கார்டன்ஸைக் கட்ட 4 கோடி டாலருக்கும் மேல் செலவானது. இம்மாதிரிக் கட்டடங்களுக்குப் பணம் பல வழிகளில் வருகிறது. குறைந்த வருமானத்தினருக்கான வீடு கட்டினால் வரிச் சலுகை என்று 1986இல் வந்த மத்திய அரசின் திட்டம் முக்கியமான வழி. நிறுவனங்கள் அந்த வரிச் சலுகையை வாங்கிக்கொண்டு முதலீடு செய்கின்றன. மாநில, நகர அரசுகள் கடன் தருகின்றன. மாத வாடகைக்கு மானியக் கூப்பன், வழக்குப் பணியாளர் சம்பளத்துக்கு அரசு ஒப்பந்தம், மீதிக்கு நன்கொடை.

மறுபக்கத்தையும் பாருங்கள். நியூயார்க் நகரச் சிறையில் ஒருவரை ஓராண்டு வைத்திருக்க 5,56,539 டாலர் ஆனதாக நகரத்தின் கணக்கு அதிகாரி 2021இல் அறிவித்தார். ஒரு நாளைக்கு 1,500 டாலருக்கும் அதிகம்.

அப்படியிருந்தும் வீடுகள் வேகமாக வரவில்லை. சிறையிலிருந்து வருவோருக்கான தனித் திட்டத்தில் நகரம் முதலில் 120 வீடுகள் கொடுத்தது. 2019இல் அதை 500 ஆக்குவோம் என்று வாக்குறுதி தந்தது. அரசு கொடுக்கும் ரேட் கட்டுப்படியாகாது என்று தொண்டு நிறுவனங்கள் ஒதுங்கியதால் ஆண்டுகள் ஓடியும் அந்த எண்ணிக்கை அசையாமல் நின்றது.

‘முக்கால் வீடு’ மோசடி

தேவை அதிகம், இடம் குறைவு என்றால் நடுவில் ஏமாற்றுக்காரர்கள் நுழைவார்கள். நியூயார்க்கில் இவர்களின் இடங்களுக்கு ‘முக்கால் வீடு’ என்று பெயர். ஹாஃப்வே ஹவுஸுக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் என்ற அர்த்தம். அனுமதி இல்லாத கட்டடம், ஒரே ரூமில் அடுக்குக் கட்டில்கள், மூட்டைப்பூச்சி. தனிநபருக்கு அரசு கொடுத்த வாடகை உதவி மாதம் 215 டாலர். அதை அப்படியே வாங்கிக்கொள்வார்கள்.

உண்மையான வருமானம் வேறு வழியில் வந்தது. குறிப்பிட்ட போதை சிகிச்சை மையத்துக்குத்தான் போகணும், இல்லாட்டி வெளியே போ என்று மிரட்டி அனுப்புவது. அந்த மையம் அரசின் மருத்துவக் காப்பீட்டில் பில் போடும், வீட்டுக்காரருக்குக் கமிஷன் போகும். 2015இல் பத்திரிகை விசாரணையில் இது அம்பலமாகி, நகரம் நடவடிக்கையில் இறங்கியது. போக்கிடம் இல்லாத ஒருவரின் பயம்தான் இந்தத் தொழிலின் மூலதனம்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

ஆதரவுக் குடியிருப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கிருந்து கிளம்புகிறவருக்கு ஊருக்குள் வாடகை வீடு கிடைக்கணும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் படுக்கை காலியாகாது. அதனால்தான் ஃபார்ச்சூன் நீதிமன்றத்துக்கும் போனது. முன்னாள் கைதி என்றாலே வீடு கிடையாது என்று மொத்தமாக மறுத்த ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தின் மீது 2014இல் வழக்குத் தொடுத்தது. 2019இல் சுமார் 12 லட்சம் டாலர் சமரசத் தொகையோடு அது முடிந்தது.

நியூயார்க் நகரத்தின் புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி வீட்டு உரிமையாளர் முதலில் வருமானம், வாடகைப் பழக்கம் போன்றவற்றைப் பார்த்து, வீடு தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் குற்றப் பின்னணியைப் பார்க்கலாம். அதிலும் சிறு குற்றம் என்றால் கடந்த மூன்று ஆண்டு, பெரிய குற்றம் என்றால் ஐந்து ஆண்டு வரைதான் கணக்கு. அதற்கும் மேல் பழைய வழக்கைக் காட்டி மறுக்க முடியாது. பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உரிமையாளரே குடியிருக்கும் இரண்டு வீட்டுக் கட்டடங்களுக்கும் சட்டம் பொருந்தாது.

எல்லாப் பிரச்னையும் தீர்ந்துவிடுமா?

தீராது. வீடு கிடைத்தும் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. ராத்திரி இத்தனை மணிக்குள் வரணும், சாப்பாட்டு நேரம் இதுதான் என்ற விதிகளைப் பார்த்து ‘இதுவும் இன்னொரு ஜெயில்தானே’ என்று கிளம்பிப் போகிறவர்களும் உண்டு. விதிகளைத் தளர்த்தினால் மற்றவர்களின் பாதுகாப்பு கேள்விக்குறி, இறுக்கினால் மனிதர்கள் நிற்க மாட்டார்கள். இதை நடத்துகிறவர்கள் தினமும் எடுக்க வேண்டிய முடிவு இது.

பாதிக்கப்பட்டவர்கள் தரப்பிலிருந்து வரும் கேள்வியும் இருக்கிறது. குற்றம் செய்யாத ஏழைக்கே வீடில்லை, இவங்களுக்கு ஏன் முதலில்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. காசில் கார்டன்ஸில் பாதி வீடுகளை மற்ற ஏழைகளுக்குக் கொடுத்தது ஒரு நடைமுறைப் பதில். இன்னொரு பதிலும் உண்டு. தண்டனைக் காலம் முடிந்த மனிதர் எப்படியும் ஊருக்குள் வரத்தான் போகிறார். அவர் பூங்கா பெஞ்சிலிருந்து வருகிறாரா, பூட்டுள்ள ஒரு ரூமிலிருந்து வருகிறாரா என்பதை மட்டும்தான் ஊர் முடிவு செய்ய முடியும்.

சுருக்கமாக...

ஆதரவுக் குடியிருப்பு யாருக்கு? சிறையிலிருந்து வெளியே வந்து, போக இடமில்லாதவர்களுக்கு. மனநலப் பாதிப்பு, போதைப் பழக்கம், நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு நிரந்தர வகை அதிகம் உதவுகிறது.

இலவசமா? நிரந்தர வகையில் பொதுவாக வருமானத்தில் 30 சதவீதம் வாடகை. மீதி மானியம்.

ஹாஃப்வே ஹவுஸும் இதுவும் ஒன்றா? இல்லை. அது தண்டனையின் கடைசிக் கட்டம். இது விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கையின் ஆரம்பம்.

குற்றம் குறைகிறதா? டென்வர், ஓஹையோ ஆய்வுகளில் கைதுகள் கணிசமாகக் குறைந்தன. செலவு முழுவதும் திரும்ப வரவில்லை.

பெரிய தடை எது? வீடுகளின் பற்றாக்குறையும் அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பும். ஹார்லெம் மக்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களுக்கும் வீட்டில் பங்கு கொடுத்தபோது அந்தத் தெருவில் கட்டடம் எழுந்தது.